தப்பு விட்டால்தான் கேட்கும் பீட்டில்ஸ்

'த பீட்டில்ஸ்: ராக் பேண்ட்' கேமுக்கு இத்தனை வருஷம் கழித்து எவனாவது விமர்சனம் எழுதுவானா என்று கேட்டால், நான் எழுதுவேன். கேமாகப் பார்த்தால் சொல்ல அதிகம் இல்லை. திரையில் கலர் கட்டங்கள் இறங்கி வரும், பிளாஸ்டிக் கிட்டாரில் அதே கலர் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பேச வேண்டியது அதற்குள் இருக்கும் பாட்டைப் பற்றி. டிஸ்கில் உள்ள 45 பாடல்களும் ரெக்கார்டில் நாம் கேட்ட அதே பாடல்கள்தான், அதே நாலு பேர் (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், டிரம்ஸில் ரிங்கோ ஸ்டார்) வாசித்ததுதான். மிக்ஸ் மட்டும், அதாவது குரலையும் கருவிகளையும் எந்த அளவில், எந்தப் பக்கம் வைத்துக் கலப்பது என்பது மட்டும், வேறு. கேமுக்காகவே பிரித்து எடுத்து, மறுபடி கலந்தது. அந்த மிக்ஸ் இன்றுவரை தனி ஆல்பமாக வரவில்லை. கேட்க வேண்டுமென்றால் பழைய கன்சோலைத் தூசி தட்டித்தான் ஆக வேண்டும்.

முன்னாடியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார், வாசிக்கிறவன். எந்தப் பாட்டைப் போட்டாலும் என் காது முதலில் அடித்தளத்துக்குத்தான் போகும். பாடகர் என்ன வார்த்தை பாடுகிறார் என்பதெல்லாம் ரொம்பப் பிறகுதான் உறைக்கும். ஆகவே இது ஒரு பேஸ்காரனின் தீர்ப்பு. குரலுக்காக பீட்டில்ஸ் கேட்கிறவர்கள் இதில் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் அக்காவே ஒத்துக்கொள்வதில்லை.

கேம் வெளிவந்தது 2009 செப்டம்பர் 9. ஜான் லெனனுக்கு ஒன்பது என்ற எண் மேல் இருந்த பித்து தெரிந்தவர்களுக்கு அந்தத் தேதி ஏன் என்று புரியும். அதே நாளில் பீட்டில்ஸின் மொத்த ஆல்பங்களும் ரீமாஸ்டர் செய்யப்பட்டு, ஸ்டீரியோ (இரு காதிலும் வேறு வேறு ஒலி) பெட்டியாகவும், மோனோவில் (இரு காதிலும் ஒரே ஒலி) இருந்தவை மோனோ பெட்டியாகவும் சிடியில் வந்தன. இரண்டையும் ஒரே சரக்கு என்று நினைத்துக்கொண்டவர்கள் ஏராளம். ரீமாஸ்டர் என்றால் 1960-களில் செய்த மிக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் இருந்த இரைச்சலையும் மங்கலையும் துடைப்பது. குரல் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு, எது எந்தப் பக்கம் என்பதில் கை வைக்க மாட்டார்கள். கேமில் நடந்தது அதில்தான் கை வைக்கிற வேலை. செய்தவர் ஜைல்ஸ் மார்ட்டின், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன். 2006-இல் லாஸ் வேகாஸில் நடந்த சர்க் டு சொலேய் என்ற சர்க்கஸ் குழுவின் நிகழ்ச்சிக்காக அப்பாவும் மகனும் சேர்ந்து 'லவ்' என்ற ஆல்பத்தில் பீட்டில்ஸ் பாடல்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கேமை உருவாக்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனத்துக்கு இசைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் அந்த மகன்.

பிரித்து எடுக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? இந்த வகை கேமில் ஒருவர் நோட்டைத் தவறவிட்டால் அவர் கருவி அந்த நொடியில் அமுங்கிவிடும். மற்ற மூவர் வாசிப்பது தொடரும். இது நடக்க வேண்டுமானால் கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் நாலும் தனித்தனி ட்ராக்காக, அதாவது ஒன்றோடொன்று கலக்காத தனித்தனிப் பதிவாக, இருந்தாக வேண்டும். இன்றைய பேண்டுகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகவே பதிவாகிறது. பீட்டில்ஸுக்கு அப்படி இல்லை. முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்தார்கள். டேப்பில் இருந்தது இரண்டே ட்ராக். ஒன்றில் குரல்கள், இன்னொன்றில் கருவிகள் எல்லாம் சேர்ந்து. அந்த வருஷம் அக்டோபரில் நாலு ட்ராக் டேப் கைக்கு வந்தது. எட்டு ட்ராக் வர 1968 ஆயிற்று. நடுவில், ட்ராக் போதாதபோதெல்லாம் நாலையும் கலந்து வேறொரு டேப்பில் ஒன்றாக இறக்கிவிட்டு, மிச்சம் கிடைத்த இடத்தில் மேலே வாசிப்பார்கள். அப்படி ஒருமுறை கலந்துவிட்டால் கலந்ததுதான்.

ஆக, கேம்காரர்களுக்கு வேண்டியிருந்தது பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற அன்னப்பறவை. 2009-இல் அது ஒலி வடிகட்டும் மென்பொருளாக வந்தது. பேஸ் இருக்கும் அலைவரிசை இது, டிரம்ஸில் உள்ள ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு இருக்கும் அலைவரிசை அது என்று கண்டுபிடித்துச் சுரண்டி எடுத்தார்கள். இயந்திரக் கற்றல், அதாவது மாதிரிகளைக் கேட்டுக் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் முறை, இந்த வேலையை எடுத்துக்கொள்ள இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது.

பலன் எப்படி என்பதற்கு 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்' போதும். ரெக்கார்டின் ஸ்டீரியோ வடிவத்தை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். இடது காதில் பேண்ட் முழுவதும், வலது காதில் குரல்கள். நடுவில் ஆள் இல்லை. பால் மெக்கார்ட்னி அந்த 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' எண்ணிவிட்டு இறங்கும் வேகம் எல்லாம் தலையின் ஒரு பக்கத்திலேயே நின்றுவிடும். கேம் மிக்ஸில் பேஸும் டிரம்ஸும் நடுவுக்கு வந்துவிடுகின்றன. சக் பெர்ரியின் ஒரு பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டதாக மெக்கார்ட்னியே சொன்ன அந்த பேஸ் லைன், ஓய்வே இல்லாத எட்டு-எட்டு நோட்டு ஓட்டம், முதல்முறையாக எனக்கு முழுசாகக் காதில் விழுந்தது கேமில்தான். அதுவரை நான் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது ஊகத்தில். கைத்தட்டல் ஒரு பக்கம் மறைத்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று இறக்கங்கள், கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும் இடத்தில் கீழிருந்து ஏறி வரும் அரைச் சுர நடை எல்லாம் அங்கேதான் தெளிவாயின.

ஆனால் பிரித்தது முழுமை இல்லை. இந்த ஆரம்ப காலப் பாடல்களில் பேஸை வேண்டுமென்றே விட்டுப் பாருங்கள். பேஸ் போய்விடும், ஆனால் போகாது. டிரம்ஸுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதாக ஒரு மிச்சம் கேட்கும். கிட்டாரை விட்டால் சிம்பலின் ஓரம் கொஞ்சம் அரித்துப் போகும். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. ஒரே அறையில் நாலு பேர் நின்று வாசித்ததற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

இந்த 'விட்டுப் பார்ப்பது'தான் என்னை இந்த கேமில் பிடித்து வைத்தது. எங்கள் செட்டில் டிரம்ஸ் வாசிக்கிறவன் என் நண்பன். நிஜ டிரம்ஸும் அவன்தான், பிளாஸ்டிக் டிரம்ஸும் அவன்தான். கிட்டாருக்கு அக்கா மகன், கண்ணுக்குக் கலர் தெரிந்தால் கைக்குத் தாளம் தெரியாத வயசு. அவன் சரமாரியாகத் தவறவிடுவான். ஒரு நாள் 'டிக்கெட் டு ரைட்' நடுவில் கிட்டார் சுத்தமாக அணைந்துபோய், பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சி நின்றன. ரிங்கோவின் அந்த விட்டு விட்டு விழும் அடியும், அதற்கு அடியில் மெக்கார்ட்னி அசையாமல் பிடித்திருக்கும் ஒற்றை நோட்டும்.

"மாப்ள, நிறுத்தாத. அவன அப்படியே விடச் சொல்லு," என்றான் நண்பன்.

"டேய் கண்ணா, நீ வாசிக்காத. சும்மா புடிச்சிட்டு நில்லு," என்றேன்.

"வாசிச்சா திட்டுறீங்க, வாசிக்கலைன்னாலும் திட்டுவீங்க," என்று அவன் கிட்டாரை சோபாவில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அப்புறம் கேம் எங்களைத் தோற்கடித்து வெளியே தள்ளியது. கிட்டார் ரொம்ப நேரம் சும்மா இருந்தால் பாட்டே நின்றுவிடும். தோற்கவே முடியாத மோட் ஒன்று அமைப்பில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பயன்படக்கூடிய ஒரே ஆலோசனை அதுதான்: அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுவிட்டால் உங்கள் கையில் இருப்பது விளையாட்டு இல்லை, 45 பாடல்களுக்கான மிக்ஸிங் டெஸ்க். யார் சும்மா நின்றால் எது கேட்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

'டாக்ஸ்மேன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1966-இல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தின் முதல் பாட்டு. பாட்டு ஜார்ஜ் ஹாரிசனுடையது. ஆனால் அதன் முதுகெலும்பான பேஸும், நடுவில் கத்திக்கொண்டு வரும் கிட்டார் சோலோவும் மெக்கார்ட்னி. ரெக்கார்டின் ஸ்டீரியோவில் பேஸ், டிரம்ஸ், ரிதம் கிட்டார் மூன்றும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காரணம், டேப்பில் மூன்றும் ஒரே ட்ராக். பிரிக்க வழி இல்லாததால் அன்று ஒரு பக்கமாக வைத்துவிட்டார்கள். அதை அப்படியே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாய்வே பாட்டின் குணமாகிவிட்டது. 2009 கேமில் மூன்றையும் பிடுங்கிப் பிரித்துப் பரத்தியிருந்தார்கள். பேஸின் ஒவ்வொரு நோட்டும் எங்கே வெட்டுப்படுகிறது, விரல் எங்கே கம்பியை அமுக்கி ஒலியை நிறுத்துகிறது என்பது வரை கேட்டது. அந்த லைனில் பாதி வேலை நோட்டில் இல்லை, நோட்டுக்கு நடுவில் உள்ள நிசப்தத்தில் இருக்கிறது. என் விரலைத் திருத்திய பாடம் அது. ஆனால் டிரம்ஸ் மெலிந்திருந்தது. ஸ்நேர் என்ற நடு டிரம்மின் அடி அட்டைப் பெட்டியில் அடித்த ஒலியாக இருந்தது, பேஸைப் பிடுங்கியபோது அதன் சதையும் கூடவே போயிருக்க வேண்டும்.

2022-இல் அதே ஜைல்ஸ் மார்ட்டின் 'ரிவால்வர்' முழுவதையும் மறுபடி மிக்ஸ் செய்தார். இந்தமுறை சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் 'கெட் பேக்' ஆவணத் தொடருக்காக உருவாக்கிய இயந்திரக் கற்றல் கருவி கையில் இருந்தது. மூன்று கருவியும் சதையோடு பிரிந்து வந்தன. பேஸ் உருண்டை, டிரம்ஸ் முழுசு. நியாயமாகப் பார்த்தால் கேம் மிக்ஸுக்கு அன்றோடு வேலை முடிந்தது. இருந்தும் நான் கேமுக்குத்தான் திரும்பிப் போகிறேன். 2022 மிக்ஸில் எது எவ்வளவு என்று ஜைல்ஸ் முடிவு செய்துவிட்டார். கேமில் நான் பேஸை விட்டால் பேஸ் போகும், வாசித்தால் வரும்.

இப்போது அக்கா பக்கம். இந்த கேமில் மூன்று மைக் வரை செருகலாம், மூன்று பேர் மூன்று குரலைப் பிரித்துப் பாடலாம். திரையில் மூன்று கோடு, மூன்று நிறம். எந்தக் கோட்டை யார் பிடிக்கிறார் என்பதை கேமே கண்டுபிடித்துக்கொள்ளும். அக்கா ஆரம்பத்தில் இதையெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு என்றுதான் ஒதுக்கினாள். 'பேப்பர்பேக் ரைட்டர்' வந்தபோது மாறிவிட்டாள். அந்தப் பாட்டில் மெக்கார்ட்னி சரணத்தைப் பாடிக்கொண்டிருக்க, ஜானும் ஜார்ஜும் பின்னால் இழுத்து இழுத்து எதையோ பாடுவார்கள். அது 'ஃப்ரேர் ஜாக்' என்ற பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டு. ரெக்கார்டில் அது சும்மா ஒரு 'ஊ... ஆ...' ஆகக் கரைந்துபோகும். எத்தனையோ பேருக்கு அது ஒரு பாட்டு என்றே தெரியாது. கேமில் அந்தக் கோடு தனியாக, எழுத்தோடு, உங்கள் முன்னால் ஓடும். பாடித்தான் ஆக வேண்டும்.

"இத இவ்வளவு நாள் எங்கடா ஒளிச்சு வச்சிருந்தாங்க?" என்றாள்.

"எங்கயும் ஒளிக்கல அக்கா. நீ மெக்கார்ட்னியையே பார்த்துட்டு இருந்த."

அதற்குப் பிறகு அவளுக்குப் பிடித்தது 'இஃப் ஐ நீடட் சம்ஒன்'. நடுக்குரல்தான் வேண்டும் என்று அடம். மேல்குரலை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், நடுக்குரலுக்குத் தனியாக ராகமே கிடையாது, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடுவில் நடக்க வேண்டும் என்பாள். இருந்தும் கேட்பதற்கு என்று உட்கார்ந்தால் அவள் கேமைத் தொடுவதில்லை. ரெக்கார்டில் குரல்கள் ஒன்றோடொன்று உருகி நிற்கின்றன, கேமில் மூன்று பேர் மூன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. குரலைப் பொறுத்தவரை அவள் சொல்வது சரிதான். ஆரம்ப காலத்தில் இருவரோ மூவரோ ஒரே மைக்குக்கு முகத்தைக் கொடுத்துப் பாடிய பாட்டு அது. அந்த உருகலை எந்த மென்பொருளும் கூட்டித் தராது.

டிரம்ஸ்காரனுக்கு வேறு சந்தோஷம். ரிங்கோ இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரருக்காக அமைத்த டிரம்ஸில் உட்கார்ந்து வாசித்தவர். அதனால் அவருடைய ஃபில்கள், அதாவது வரிகளுக்கு இடையில் டிரம்ஸில் போடும் சின்ன உருட்டல்கள், எதிர்பாராத பக்கத்திலிருந்து கிளம்பும். ரெக்கார்டில் அது 'ஏதோ ஒரு மாதிரி இருக்கே' என்ற அளவில் நிற்கும். கேமில் கலர் கட்டங்கள் இறங்கும் வரிசையைப் பார்த்தால் கை எங்கே சிக்குகிறது என்று உடம்புக்கே தெரியும். 'குட் மார்னிங் குட் மார்னிங்'கில் தாளம் ஐந்துக்கும் மூன்றுக்கும் நாலுக்கும் மாறிக்கொண்டே போகும். 'ஹியர் கம்ஸ் த சன்'னின் நடுப்பகுதி, கேட்க அத்தனை இதமாக இருப்பது, எண்ணிப் பார்த்தால் பதினொன்று, நாலு, ஏழு என்று கலைந்து கிடக்கும். நண்பன் அதில் குச்சியைத் தூக்கிப் போட்டான். ராக் பேண்ட் வரிசையின் மற்ற கேம்களில் டிரம்ஸுக்கு இஷ்டப்படி அடித்துக்கொள்ளும் இடம் ஒன்று வரும். இதில் அதை எடுத்துவிட்டார்கள். ரிங்கோ அடித்ததைத்தான் அடிக்க வேண்டும். அவனுக்கு அதில் கோபம், எனக்கு நிம்மதி.

ஒரு வேடிக்கை. 'டியர் ப்ரூடன்ஸ்' வரும்போது திரையில் ரிங்கோ மும்முரமாக வாசித்துக்கொண்டிருப்பார். 1968 ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது அவர் கோபித்துக்கொண்டு பேண்டை விட்டே போயிருந்தார். டிரம்ஸ் மெக்கார்ட்னி வாசித்தது. 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' சோலோவை பீட்டில்ஸில் இல்லாத கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசித்தார் என்பது ஊரறிந்த செய்தி, திரையில் அந்த ஆள் இல்லை. ஒலியில் உண்மையைத் தேடி இத்தனை சுரண்டியவர்கள் படத்தில் நாலு பேரை நகர்த்தாமல் வைத்துக்கொண்டார்கள்.

பிடிக்காதவை. முதலாவது கூட்ட இரைச்சல். கேமின் கதைப்படி கேவர்ன் கிளப், எட் சல்லிவன் தியேட்டர், ஷே ஸ்டேடியம், புடோகான் என்று மேடைகள் வரும். அங்கே ஒலிப்பது அந்த நிகழ்ச்சிகளின் பதிவு இல்லை. ஸ்டுடியோப் பதிவின் மேல் ரசிகர்களின் கூச்சலைத் தூவியிருக்கிறார்கள். 1965-இல் ஷேயில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டத்தின் அலறலில் வாசித்தவர்களுக்கே தாங்கள் வாசித்தது கேட்கவில்லை. ஒன்று அந்த அலறலை அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லை முழுசாக எடுத்திருக்க வேண்டும். பாதி வால்யூமில் கத்துகிற கூட்டம் எந்த ஊரில் இருக்கிறது?

இரண்டாவது, ஃபேட் அவுட்டில் தேய்ந்து முடியும் சில பாடல்களுக்கு ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். மேடையில் நிற்கும் பேண்ட் படிப்படியாக மறைய முடியாது, புரிகிறது. ஆனாலும் வருஷக்கணக்காகத் தேய்ந்து போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று 'டம்' என்று உட்காரும்போது, காது அடுத்த சுற்றுக்குப் போய்க் காத்திருக்கிறது. இதற்கு எதிர்ப்புறத்தில் அபே ரோடு ஸ்டுடியோ பாடல்களுக்கு முன்னால் வரும் பேச்சுத் துணுக்குகள் அருமை. கிட்டாரைச் சுருதி சேர்ப்பது, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது, யாரோ எண்ணிக்கை கொடுப்பது. அதுவரை வெளிவராத டேப்பிலிருந்து எடுத்தவை. எந்த ரெக்கார்டிலும் கிடைக்காது.

மூன்றாவதுதான் பெரியது. 1969-க்கு வந்துவிட்டால் கேம் மிக்ஸுக்கு என்னிடம் மதிப்பு இல்லை. 'அபே ரோடு' ஆல்பம் பதிவாகும்போது எட்டு ட்ராக் இருந்தது, புது டிரான்சிஸ்டர் மிக்ஸிங் டெஸ்க் இருந்தது, ஸ்டீரியோவுக்காகவே யோசித்து மிக்ஸ் செய்தார்கள். 'சம்திங்'கில் மெக்கார்ட்னியின் பேஸ் ஜார்ஜின் குரலைச் சுற்றிக்கொண்டு தனியாக ஒரு பாட்டே பாடும். அது எந்த இடத்தில் முன்னால் வர வேண்டும், எங்கே பின்வாங்க வேண்டும் என்று அசல் மிக்ஸில் அத்தனை கவனம். கேமில் அந்த பேஸ் எப்போதும் முன்னால் நிற்கிறது, நான் வாசிக்க வேண்டுமே என்பதற்காக. பேஸ்காரனான எனக்கே அது கூடுதல். தவிர டிஸ்கில் இடம் பத்த ஒலியைச் சுருக்கித்தான் வைத்திருக்கிறார்கள். டிவி ஸ்பீக்கரில் தெரியாது, நல்ல ஹெட்ஃபோனில் சிம்பல் ஒவ்வொன்றும் ஓரத்தில் சரசரக்கும். 'கம் டுகெதர்', 'ஐ வான்ட் யூ' எல்லாம் கேட்பதற்கு ரெக்கார்டுதான். பேச்சே இல்லை.

டிஸ்கில் முழுக்க முழுக்க ரீமிக்ஸ் என்று சொல்லத்தக்கது ஒன்று இருக்கிறது. 'லவ்' ஆல்பத்திலிருந்து வந்த, 'டுமாரோ நெவர் நோஸ்' டிரம்ஸுக்கும் பேஸுக்கும் மேல் 'விதின் யூ விதவுட் யூ' குரலை ஏற்றிய கலவை. இரண்டு பாட்டுமே ஒற்றைச் சுரத்தில் ரீங்காரமிட்டு நிற்பதால் தையலே தெரியாது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஹாரிசனின் அந்தக் குரல் இத்தனை வலுவான தாளத்தின் மேல் உட்கார்ந்ததில் லாபமே தவிர நஷ்டம் தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டபின் அசல் 'டுமாரோ நெவர் நோஸ்' போட்டால் ஜானின் குரல் வந்தவுடன் மற்றது மறந்துபோகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்காதீர்கள்.

'அசல்தான் அசல்' என்று வாதாடுகிற நண்பர்களிடம் ஒரு கேள்வி: எது அசல்? 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸ். 'சார்ஜென்ட் பெப்பர்' மோனோவுக்கு வாரக்கணக்கில் செலவழித்தார்கள், ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமலே சில நாளில் முடித்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அசல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஸ்டீரியோவை. 'ரப்பர் சோல்' சிடி வாங்கிக் கேட்டவர்கள் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறார்கள். 1987-இல் வந்த அந்தச் சிடிக்காக ஜார்ஜ் மார்ட்டினே அதை மறுபடி மிக்ஸ் செய்திருந்தார். அப்பா திருத்தினால் அசல், மகன் திருத்தினால் கேம் என்று சொல்வது எனக்கு ஏறவில்லை.

ஆகவே என் கணக்கு இப்படி. 1963-இலிருந்து 1965 வரை உள்ள பாடல்களுக்குக் கேம் மிக்ஸ். ஸ்டீரியோ ரெக்கார்டைவிட அது எனக்கு உயர்வு, மோனோ ரெக்கார்டுக்குப் பக்கத்தில் நிற்கும். 1966-இல் பாட்டுக்குப் பாட்டு மாறும். 'டாக்ஸ்மேன்' கேமில், 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்' ரெக்கார்டில். 'பெப்பர்' மோனோவில். அதற்கு மேல் ரெக்கார்டு, கண்ணை மூடிக்கொண்டு. 2023-இல் பீட்டில்ஸின் பிரபலப் பாடல்களைத் திரட்டிய சிவப்பு, நீலத் தொகுப்புகள் புது மிக்ஸில் வந்தபோது 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்', 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இரண்டும் புதுக் கருவியால் பிரிக்கப்பட்டு வந்தன. கேட்பதற்கு மட்டும் என்றால் அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள், சுத்தமான வேலை. ஜலதோஷத்தோடு நாள் முழுக்கப் பாடிவிட்டு, கடைசியாக ஜான் தொண்டை கிழியப் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' அதில் நேர் எதிரே நின்று கத்துகிறது.

கேமை இப்போது வாங்க நினைக்கிறவர்களுக்கு: பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ மூன்றுக்கும் வந்தது, பழைய டிஸ்காகத்தான் கிடைக்கும். பாடல்களை மற்ற ராக் பேண்ட் கேம்களுக்கு மாற்றிக்கொள்ள வழி வைக்கவில்லை. 'அபே ரோடு', 'சார்ஜென்ட் பெப்பர்', 'ரப்பர் சோல்' ஆல்பங்களின் மிச்சப் பாடல்களைத் தனியாக இறக்கிக்கொள்ள 2009 கடைசியில் விற்றார்கள். 2016-இல் அந்த விற்பனையும் நின்றது. அன்று வாங்காதவர்களுக்கு இனி கிடையாது. 'ஹே ஜூட்', 'லெட் இட் பீ', 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' டிஸ்கில் இல்லை. தேடாதீர்கள். பியானோவும் வயலினும் ஓங்கிய பாடல்களை விட்டுவிட்டு, நாலு பேர் கையில் வேலை கொடுக்கிறவற்றைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். ராக் பேண்ட் வரிசையின் வேறு கருவிகள் இருந்தாலும் போதும். மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் கிட்டார் வடிவில் வந்த பேஸ் அழகுதான், ஆனால் பட்டன் பட்டன்தான். பழைய டிரம்ஸ் வாங்கினால் கால் பெடலை மிதித்துப் பார்த்து வாங்குங்கள். எனக்கு விற்ற ஆள் 'புத்தம் புதுசு மாதிரி' என்று சத்தியம் செய்த பெடல், 'பர்த்டே' பாட்டு முடிவதற்குள் நடுவில் பிளந்தது. இப்போது அதற்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஒட்டியிருக்கிறோம், முன்னைவிட உறுதியாக இருக்கிறது. புது டிவியாக இருந்தால் ஒலிக்கும் படத்துக்கும் உள்ள தாமதத்தை அமைப்பில் போய்ச் சரி செய்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் ரிங்கோ பிந்துகிறார் என்று ஒரு வீட்டில் சண்டை வரும்.